கதையைச் சொன்னால் திறனாய்வு ஆகுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். பெண் பதினோராம் வகுப்பில் பயில்கிறாள். உலகப் புகழ் பெற்ற திரைப்படம் ஒன்றைப் பார்த்து அதைப் பற்றித் திறனாய்வு எழுதி வரும்படி ஆசிரியை பணித்திருக்கிறார். அவள் தேர்ந்துகொண்டது இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1948-ஆம் ஆண்டில் அளித்த 'சைக்கிள் திருடர்கள்'. நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாளாம். "கதை தெரிந்தது, உன் கருத்து எங்கே?" என்று அடியில் குறித்து ஆசிரியை திருப்பித் தந்துவிட்டார்.

நாமும் வாங்கிப் படித்தோம். மூன்றரைப் பக்கம் கதை. எஞ்சிய அரைப் பக்கத்தில், நடிப்பு இயற்கையாக உள்ளது, ஒளிப்பதிவு அருமை, இசை இனிமை, அனைவரும் காணவேண்டிய படம் என்று நான்கு தொடர்கள். இவற்றை எந்தப் படத்தின் பெயரோடும் ஒட்டிவிடலாம். பெரியவர்கள் எழுதும் விமரிசனங்களிலும் இவையே உலவும்போது பிள்ளையை மட்டும் குறை கூறுவானேன்?

படம் காணாதவர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். போருக்குப் பிந்திய ரோமாபுரி. வேலையின்றித் தவிக்கும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சொந்தமாகச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலைக்குச் சென்ற முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் ஒரு ஞாயிறு முழுவதும் நகரமெங்கும் தேடி அலைகிறார்கள்.

"இதில் உன் மனத்தைவிட்டு அகலாத காட்சி எது?" என்று கேட்டோம். அடகுக் கடையைச் சொன்னாள். மரியா கொடுத்த மூட்டையை ஊழியர் ஒருவர் தூக்கிக்கொண்டு, உயர்ந்த அடுக்குகளின்மீது ஏறுகிறார். அங்கே அதைப் போன்ற மூட்டைகள் மேலும் மேலுமாக அடுக்கிக் கிடக்கின்றன. அந்த நகரில் எத்தனை வீடுகளில் விரிப்பின்றி உறங்குகிறார்கள் என்பதை ஒரு சொல்லும் இன்றி அந்த அடுக்குகள் சொல்லிவிடுகின்றன என்றாள் அவள். "இதை ஏன் அம்மா எழுதவில்லை?" என்றோம். "இது என் நினைப்புத்தானே, மாமா" என்றாள்.

அந்த நினைப்பைத்தான் ஆசிரியை கேட்டார். நினைப்பு ஒன்று, அதைத் தாங்கி நிற்கும் காட்சி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் திறனாய்வு தொடங்கிவிடுகிறது. 'நடிப்பு இயற்கை' என்று எழுதினால் எங்கே, எதனால் என்று காட்டவேண்டும். அந்தோனியோவாக வருபவர் நடிகரே அல்லர், ஆலைத் தொழிலாளி. நம் சத்யஜித் ராய் 1950-இல் இலண்டனில் இப்படத்தைக் கண்டு ஊக்கம் பெற்றவர், 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யை அளித்தார். இவை அறியத்தக்க செய்திகளே. ஆனால் செய்திகளை அடுக்குவதும் திறனாய்வு ஆகாது.

நிற்க. அவளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, "கோயில் காட்சியைப் பற்றியும் எழுத நினைத்தேன். அப்பா வேண்டாம் என்கிறார்" என்றாள்.

திருடனை அறிந்த முதியவர் ஒருவரைத் தொடர்ந்து அந்தோனியோ கோயிலுக்குள் நுழைகிறான். அங்கே நல்லுடை அணிந்த சீமான்களும் சீமாட்டிகளும் ஏழைகளுக்கு அறம் செய்துகொண்டிருக்கிறார்கள். முகச்சவரம் உண்டு, வழிபாடு உண்டு, அதன் பிறகு உணவும் உண்டு. தன் பிழைப்பே போய்விட்ட அந்தோனியோ முதியவரிடம் கெஞ்சியும் மிரட்டியும் கேட்கும்போது, சத்தம் போடாதே என்று அடக்குகிறார்களே அன்றி, உனக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும் வினவவில்லை. அது தன்னைச் சுட்டது என்றாள் பெண்.

"பல சமயத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. நம் கோயிலைப் பற்றி நாமே குறைவாக எழுதித் தரலாமா, அண்ணா?" என்றார் நண்பர். அவர் கவலையை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றைச் சொன்னோம். திரைப்படம் பிறந்த நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 1995-இல் சிறந்த படங்கள் 45 எனப் பட்டியல் ஒன்று வெளியிட்டது. வாழ்வின் நன்மதிப்புகளைப் போற்றும் படங்களின் வரிசையில் 'சைக்கிள் திருடர்கள்' இடம் பெற்றிருக்கிறது. கோயில் காட்சி உட்பட, முழுப் படமுமாகத்தான்.

பெண்ணிடமும் ஒரு கேள்வி கேட்டோம். "அந்தக் காட்சியில் குறை செய்பவர்கள் அறம் செய்தவர்கள் மட்டுந்தானா? மறுபடி பார்த்துவிட்டு எழுது" என்றோம்.

பத்து நாள் கழித்துப் புதிய கட்டுரையோடு வந்தாள். கதை எட்டே வரிகளில் முடிந்திருந்தது. கோயில் காட்சிக்கு ஒரு பக்கம். ஏழையின் முறையீட்டைக் கேளாத செல்வர்களைச் சொன்ன கையோடு, அந்தோனியோவையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒருவேளைச் சோற்றுக்காக வந்த முதியவரின் பசி அவன் கண்ணுக்கும் தெரியவில்லை. வெளியே வந்ததும், குறை சொன்ன மகனையே கன்னத்தில் அறைகிறான். துன்பம் மனிதனைப் பிறர் துன்பத்திற்குக் குருடாக்குவதை இயக்குநர் இருபக்கமும் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாள். நமக்கே தோன்றாத கருத்து அது.

இறுதியில், தலைப்பு ஏன் பன்மையில் இருக்கிறது என்று ஆராய்ந்திருந்தாள். அமெரிக்காவில் அதை 'சைக்கிள் திருடன்' என்று ஒருமையாக்கித் திரையிட்டார்களாம். அது பிழை என்பது அவள் முடிவு. கடைசியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் பார்த்திருக்கப் பிடிபடுகிறானே! சிறுவனின் முகத்தைக் கண்டு சைக்கிளுக்கு உரியவர் மன்னித்து விட்டுவிடுகிறார். தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான்.

நண்பர் கட்டுரையை நம் முன்னிலையிலேயே படித்தார். கடைசிப் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு, "அவனும் திருடுகிறானா?" என்று மகளைக் கேட்டார். படத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரப் படந்தான். அடுத்த ஞாயிறு எல்லாரும் சேர்ந்து உட்காருவதாக ஏற்பாடு.