சும்மா இருக்கும்போது அளக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் ஒரு பஞ்சாயத்து. குற்றவாளிக் கூண்டில் நின்றது என் பேரனுடைய பேட்டரி சார்ஜர்.

பேரன் இன்ஜினியரிங் முதலாண்டு. தெர்மகோலில் ரிமோட் விமானம் செய்து, தெருக்கோடிக் காலி மனையில் பறக்க விடுகிறான். அதற்கு லித்தியம் பாலிமர் பேட்டரி. அதை சார்ஜ் செய்ய உள்ளங்கை அகலத்தில் ஒரு சார்ஜர். இதைச் செல்போன் சார்ஜர் மாதிரி நேரே சுவரில் சொருக முடியாது. 12 வோல்ட் டிசி கொடுக்க, நடுவில் தனியாக ஒரு பவர் சப்ளை வேண்டும். சிசிடிவி கேமராவுக்கும் எல்.இ.டி. பட்டை விளக்குக்கும் வைப்பார்களே, ஓட்டை ஓட்டையாக ஒரு தகரப் பெட்டி, அதுதான். அவன் வாங்கியதில் "12 வோல்ட், 10 ஆம்பியர்" என்று ஒட்டியிருந்தது.

சின்ன பேட்டரி ஒழுங்காக சார்ஜ் ஆகிறது. பெரிய பேட்டரியை 4 ஆம்பியரில் போட்டால் ஒரு நிமிடத்தில் சார்ஜர் கத்துகிறது: உள்ளே வரும் வோல்டேஜ் குறைவாம்.

"சார்ஜர் போச்சு தாத்தா. சப்ளையை செக் பண்ணிட்டேன், கரெக்டா 12 காட்டுது" என்றான். புதுசு வாங்கப் போனில் தேடியும் வைத்துவிட்டான். அதுவரைக்கும் என்று, அவன் அப்பாவின் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்றும் கையில் தயாராக இருந்தது.

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 19 வோல்ட். சார்ஜரின் முதுகில் 11 முதல் 18 வோல்ட் வரை என்று போட்டிருந்தது. சொருகியிருந்தால் நல்ல சார்ஜரும் நிஜமாகவே போயிருக்கும். பிடுங்கி வைத்துவிட்டு, "நீ எப்போ அளந்தே?" என்று கேட்டேன்.

"சார்ஜரைக் கழட்டிட்டுத்தான்."

இங்கேதான் என் பாண்டிச்சேரிப் பள்ளிப் படிப்பு கைகொடுத்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்களுக்கு வோல்டேஜுக்குச் சொல் "தான்சியோன்", அதாவது இழுவிசை. அதில் இரண்டு வகை சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று "ஆ வீத்", வெறுமனே இருக்கும்போது உள்ளது. மற்றது "ஆன் ஷார்ஜ்", சுமை ஏற்றியபோது உள்ளது. இரண்டும் ஒன்றல்ல என்று வாத்தியார் தலையில் குட்டாத குறையாகச் சொல்லுவார். பேரன் அளந்தது ஆ வீத்.

மறுபடி பேட்டரியை மாட்டி, சார்ஜ் ஓடும்போதே மீட்டரை வைத்தோம். சப்ளையின் டிசி முனையில் 11.9. சார்ஜருக்குள் நுழையும் இடத்தில் 10.7. பதினொன்றுக்குக் கீழே போனால் சார்ஜர் கத்தத்தானே செய்யும்! 1.2 வோல்ட் வழியில் காணாமல் போயிருக்கிறது. திருடன் சப்ளையும் இல்லை, சார்ஜரும் இல்லை. நடுவில் இருந்த வயர்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று செல் பேட்டரி, 12 வோல்ட் சுமாரில் 4 ஆம்பியர் ஏறினால் 48 வாட். சார்ஜர் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் சப்ளையிலிருந்து ஏறக்குறைய 60 வாட் இழுக்கும். அதாவது 5 ஆம்பியர். வயர் இரண்டு மீட்டர், போக வர நான்கு மீட்டர். கனம் அரை சதுர மில்லிமீட்டர். அதன் தடை சுமார் 0.14 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும். மிச்சம் அரை வோல்ட் முதலை கிளிப்பில் போயிற்று. தொட்டால் சுட்டது. இன்னொரு சங்கதி: இந்த வகை சார்ஜருக்கு வோல்டேஜ் குறைந்தால், அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் வயரில் இழப்பும் கூடும்.

2.5 சதுர மில்லிமீட்டர் வயர் அரை மீட்டர் வாங்கி, கிளிப்பை எடுத்துவிட்டு லக் போட்டு முறுக்கினோம். சார்ஜர் முனையில் 11.8. அப்புறம் கத்தவில்லை. செலவு நூறு ரூபாய்க்குள்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கோப்பு வரவில்லை என்று இந்தப் பிரிவு அந்தப் பிரிவைத் திட்டும், அந்தப் பிரிவு இந்தப் பிரிவைத் திட்டும். கோப்போ இரண்டு மேசையிலும் இல்லாமல் நடுவில் தபால் கட்டில் கிடக்கும். இரண்டு முனையிலும் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

என் கருத்து இதுதான். எந்தச் சாதனத்தையும் "போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், அது வேலை செய்யும்போது, இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். சப்ளை முனையிலேயே குறைந்தால் சப்ளைதான் குற்றவாளி: லேபிளில் போட்ட ஆம்பியர் அதனிடம் இல்லை, அல்லது உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றுவது அதற்கு மருந்தில்லை. சப்ளை முனையில் சரியாக இருந்து சார்ஜர் முனையில் குறைந்தால் வயர். இரண்டிலும் சரியாக இருந்தும் கத்தினால் மட்டுமே சார்ஜரைச் சந்தேகிக்கலாம்.

நாம் இருப்பது எப்படிப்பட்ட ஊர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிய நோக்கியா ஆலையை, பிற்பாடு எடுத்துக்கொண்டது சால்காம்ப் என்ற பின்லாந்து கம்பெனி. அவர்கள் தொழிலே செல்போன் சார்ஜர் செய்வது. ஒழுங்கான எந்த ஆலையிலும் சார்ஜருக்குச் சுமை ஏற்றிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் ஷிப்ட் பஸ்ஸில் போகிறார்கள். வீட்டில் மட்டும் நாம் அளக்காமலே குப்பையில் போடுகிறோம். சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கலாம். ஓய்வு பெற்ற நமக்குத்தான் நேரம் இருக்கிறதே, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. அந்தத் தகரப் பெட்டியில் 12 வோல்ட் திருகுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் திருகும் திறந்தபடி இருக்கும். அதை மூடி, எர்த் வயரும் கொடுத்த பிறகே மீட்டரைத் தொடுங்கள். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். அடுத்தது, லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மெத்தை மேல் வைக்கவே கூடாது.

சாயங்காலம் விமானம் பறந்தது. வேப்பமரத்தில் சிக்கிக்கொண்டது. அதற்கு மீட்டர் உதவவில்லை, தொரட்டிதான் வேண்டியிருந்தது.