தன் கழுத்துக்குத் தானே மாலையா?

தோழர்களே!

மேடையிலே மாலை விழக் கண்டிருக்கிறோம். தொலைவிலிருந்து வந்த தொண்டர் ஒருவர், வாடாமல் காத்துவந்த மாலையைத் தலைவரின் தோளிலே சூட்டும்போது மன்றமே கைதட்டுகிறது. அதே மாலையைத் தலைவரே தம் பையிலிருந்து எடுத்துத் தம் கழுத்திலே தாமே போட்டுக்கொண்டால்? கைதட்டலா எழும்? கேலிச் சிரிப்பல்லவா எழும்! மலரும் அதேதான், மணமும் அதேதான்; சூட்டிய கை மாறிற்று, மதிப்புப் போயிற்று!

இந்தச் சிறு உண்மையை, இணையத்திலே உள்ள பொதுக் கலைக்களஞ்சியமாம் விக்கிப்பீடியாவிலே நம் தோழர் சிலர் மறந்துவிடுகிறார்களே என்பதுதான் இன்று என் கவலை. 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய அந்தக் களஞ்சியம், எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. திறந்த கதவைக் கண்டதும் ஆர்வம் பீறிடுகிறது! தம் தலைவரின் பக்கத்திலே 'மாவீரர்' என்று பொறிக்கிறார் ஒருவர். தலைவர் தோற்ற தேர்தலை நீக்குகிறார். மாற்றார் பக்கத்திலே வசையை வாரி இறைக்கிறார். 'இயக்கப் பணி ஆற்றினேன்' என்று இறுமாந்து உறங்கச் செல்கிறார்.

தொண்டா அது? தொல்லை, தோழர்களே, தொல்லை!

அமெரிக்காவிலே நடந்ததைக் கேளுங்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் மார்ட்டி மீகன், நான்கு முறைக்கு மேல் பதவியில் இருக்கமாட்டேன் என்று வாக்களித்தவர். பின்னர் அந்த வாக்கை மீறியவர். விக்கிப்பீடியா அதைக் குறித்து வைத்திருந்தது. அவருடைய அலுவலகத்தார் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, தாங்களே தீட்டிய வாழ்க்கை வரலாற்றை அங்கே வைத்தனர். 2006-இல் குட்டு வெளிப்பட்டது. மறைக்க நினைத்த செய்தி நாளேடுகளில் ஏறி நாடெங்கும் நடந்தது! வாக்கை மீறியதைத் தொகுதி மக்கள் பொறுத்துக்கொண்டு, மீண்டும் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதை அழிக்கப் போன கையோ நகைப்புக்கு இடமாயிற்று.

அந்தக் களஞ்சியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சும் 2005-இல் தம்மைப் பற்றிய பக்கத்திலே தாமே கைவைத்தார். செய்தி வெளிவந்ததும் வருத்தம் தெரிவித்தார். கட்டியவருக்கே இல்லாத சலுகை நமக்கு எங்கிருந்து வரும்?

எப்படி வெளிப்படுகிறது என்கிறீர்களா? எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்தச் சொல் போயிற்று, எந்தச் சொல் வந்தது என்று ஒவ்வொரு திருத்தமும் அங்கே பதிவாகிறது. முகமூடி மாற்றி முகமூடி அணிந்தாலும் பயனில்லை. கூலிக்கு எழுதிய கும்பலொன்றின் 381 கணக்குகளை 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா முடக்கிப் போட்டது.

"மாற்றார் பொய் எழுதினாலும் வாய்மூடிக் கிடப்பதோ?" என்று சீறுவீர்கள். வேண்டாம்! அதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் தந்த பவணந்தியார், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடத் தக்கவர் யார் யார் என்று வரிசைப்படுத்துகிறார். ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தக்க உரைகாரர்! நூலை யாத்தவருக்கு அந்த வரிசையிலே இடமில்லை. எத்துணைப் பெரும்புலவராயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்கிறார். ஆயினும், அவையிலே வாதாடி வெல்ல வேண்டிய நேரத்திலும், எதிரி தன்னைப் பழிக்கும் நேரத்திலும் புலவன் தன் தகுதியைத் தானே எடுத்துரைக்கலாம் என்று விலக்கும் தருகிறார். கவனியுங்கள், எதிரியின் முன்னே முகங்காட்டிப் பேசும் பேச்சு அது. இருட்டிலே செய்யும் வேலையன்று.

விக்கிப்பீடியாவிலும் அத்தகைய அவை உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. அங்கே செல்லுங்கள். "நான் இன்ன இயக்கத்தைச் சேர்ந்தவன், இந்த வரி தவறு, இதோ சான்று" என்று எழுதுங்கள். திருத்தும் வேலையைத் தொடர்பில்லாத பிறரிடம் விடுங்கள். ஊதியம் பெற்று எழுதுவோர் அதை அறிவித்தே தீரவேண்டும் என்பது 2014 முதல் அங்கே விதி. ஊதியம் பெறாத நாம் மட்டும் உறவை மறைக்கலாமா?

சான்று என்றதும் நம் ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்! இதே ஏட்டில் எழுதும் நானே சொல்லுகிறேன்: நம்மைப் புகழ்ந்து நாம் எழுதியது நமக்குச் சாட்சியாகாது. பிறர் எழுதிய நூல், பிறர் நடத்தும் ஏடு, தேர்தல் ஆணையத்தின் கணக்கு ஆகியவை பேசட்டும்.

நாடகம் எழுதுபவன் நான். காட்சியை அமைக்கலாம், உரையாடலைத் தீட்டலாம். திரை விழுந்ததும் கூட்டத்திலே ஒளிந்து நின்று 'பலே, பலே!' என்று நானே கூவி, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டால் என்னாகும்? நாடகத்திலே மெய்யாகவே நன்றாயிருந்த காட்சியும் சேர்ந்தல்லவா சாகும்! நம் இயக்கத்தின் மெய்யான சாதனைகளுக்கு அந்தக் கதி வரவேண்டுமா?

தலைவரின் பக்கத்தைக் கண்டு கை துறுதுறுத்தால், எழுந்திருங்கள், தோழர்களே! குழாயிலே தண்ணீர் வராத தெருவுக்குச் செல்லுங்கள். அங்கே நீங்கள் ஆற்றும் பணியை எழுத, நம்மை முன்பின் அறியாத ஒருவரின் கை ஒருநாள் தானாக வரும். அந்தக் கை சூட்டுவதுதான் மாலை!