சிறுவர் சந்தைக்குப் பிரதம விருந்தினர் எதற்கு?

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளில் நடக்கும் சிறுவர் சந்தைகளின் படங்கள் பத்திரிகைகளுக்கு வந்து குவிகின்றன. நாமும் தவறாமல் போடுகிறோம். மங்கள விளக்கு, மாலையோடு பிரதம விருந்தினர், அவருக்குப் பின்னால் முருங்கைக்காய்க்கும் பனங்கிழங்குக் கட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பிள்ளை. விலை சொல்வது அம்மா. மிச்சக்காசு எண்ணிக் கொடுப்பது ரீச்சர். பிள்ளைக்குப் படத்துக்குச் சிரிக்கும் வேலை மட்டுந்தான்.

சந்தை வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. அது வருடத்தில் ஒருநாள் விழாவாக இல்லாமல் வகுப்பறைப் பாடமாக வேண்டும் என்கிறோம். 80 ரூபா வல்லாரைக்கு 100 ரூபாத் தாளை நீட்டினால், இரண்டாந் தரப் பிள்ளை கொப்பியில் போடுவதுபோலக் கழித்துக்கொண்டிராது. எண்பதிலிருந்து மேலே எண்ணி, "தொண்ணூறு, நூறு" என்று இரண்டு பத்து ரூபாக் குற்றிகளை வைக்கும். கழித்தலைக் கூட்டலாலேயே செய்துவிடலாம் என்பதை அது தானாகவே பிடித்துக்கொள்கிறது. "எங்கட வளவுக் காய், வாங்குங்கோ" என்று கூப்பிட்டு விற்கையில் கூச்சமும் போகிறது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த ஞானமல்ல. விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் கலந்ததே ஆரம்ப வகுப்பு என்று 1999இல் நாடு முழுவதற்கும் வந்த சீர்திருத்தம் சொல்லிவிட்டது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. ஆனாலும் கொப்பி நிறைந்தால்தான் படிப்பு நடந்தது என்று நம்புகிறோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் இரண்டாந் தரம் வரை இறங்கிவிட்டது. கெட்டித்தனமுள்ள ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கொடுக்க வந்த பரீட்சை, இன்று வெட்டுப்புள்ளியும் பதாகையுமாகச் சந்திக்குச் சந்தி தொங்குகிறது. ஏழு வயதில் பின்னேர ரியூசன் எதற்கு என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே என்கிறார்கள். அந்த வீட்டிலும் இதே பதில்தான்.

முப்பது, நாற்பது பிள்ளைகளோடு கிழமைதோறும் சந்தை வைக்க முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எல்லோரும் ஒரேநாளில் விற்கத் தேவையில்லை; ஐந்து பேர் விற்க மற்றவர்கள் வாங்கலாம். கடதாசிக் காசு போதும், ஒரு தராசு போதும். பிள்ளைகள் குறைந்த தீவகத்துச் சிறு பாடசாலைகள் நாளைக்கே தொடங்கலாம். நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு அந்த வசதி இல்லை.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். மேற்பார்வைக்குப் போகும் அதிகாரி கொப்பிகளைப் புரட்டுவதோடு நிற்காமல், பிள்ளையிடம் ஒரு பிடி கீரை வாங்கி, மிச்சக்காசு சரியாக வருகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதட்டும்.