வாலில் மாட்டிய சென்சர்

தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் சனிக்கிழமை காலையில் போனால், பட்டறை வாசல்களில் பழைய சத்ரியாவும் வீராவும் வரிசையாக நிற்கும். வாரம் முழுக்க சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள், ஓய்வு நாளில் காரைக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி ஒரு தம்பியை அண்மையில் பார்த்தேன். இஞ்சினை முழுசாகக் கழற்றிக் கட்டி, தனி ஈசியு போட்டு, ஓராண்டுச் சேமிப்பைக் கரைத்திருக்கிறார். காரோ கறுப்புப் புகை தள்ளுகிறது. டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தால் இஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாடை.

“மீட்டரில் 16, 17 என்று காட்டுது அண்ணே. பெட்ரோல் பத்தலன்னு சொல்லி, டியூன் பண்ணினவர் இன்னும் கூட்டி வச்சிட்டாரு” என்றார்.

காரைத் தூக்கிப் பார்த்தோம். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் சென்சர், சைலன்சருக்கும் பின்னால், எக்ஸோஸ் குழாயின் வால் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. “அங்கதான் வேலை செய்ய லேசு” என்று வேறொரு பட்டறையில் போட்டுக் கொடுத்தார்களாம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மீட்டரில் எண் அதற்கு மேலே போனால் காற்று அதிகம், அதாவது லீன். கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். இதெல்லாம் தம்பிக்கு மனப்பாடம். அவர் கவனிக்காதது ஒன்றுதான். அந்தச் சென்சர் பெட்ரோலை அளப்பதில்லை. எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது கணக்குச் சொல்கிறது. அந்த ஆக்சிஜன் இஞ்சினிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து நுழைந்ததா என்று அதற்குத் தெரியாது.

பொட்டலம் கட்டிய தே ஐஸை உறிஞ்சும்போது குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வாய்க்குள் காற்றும் சேர்ந்து வரும். எக்ஸோஸிலும் அதே கதைதான். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. துடித்துத் துடித்து வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் குறையும்போது, வால் நுனி வழியாகவும், நைந்துபோன கேஸ்கெட் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே புகும். ஐட்லிங்கில்தான் இது மோசம். மீட்டர் லீன் என்று பொய் சொல்ல, அதை நம்பி பெட்ரோலைக் கூட்ட, பிளக் கரி பிடித்து ஒரு சிலிண்டர் பற்றாமல் போகிறது. பற்றாத சிலிண்டரின் காற்று அப்படியே வெளியே வருவதால் மீட்டர் இன்னும் லீன் காட்டும். இன்னும் பெட்ரோல்! இந்தச் சுழலில்தான் தம்பியின் புது இஞ்சின் மாட்டிக்கொண்டது. எண்ணெயில் பெட்ரோல் கலந்தால் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் தேயும்.

சரி, எங்கே வைப்பது? நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றாகக் கலந்த பிறகு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். ஒற்றைக் கிளைக் குழாயில் வைத்தால் அந்த ஒரு சிலிண்டரின் சேதி மட்டுமே கிடைக்கும். கன்வெர்ட்டரைத் தாண்டி வைத்தால், அது ஆக்சிஜனைச் செலவழித்த பிறகு மிச்சத்தைப் பார்க்கிறோம். (தொழிற்சாலையிலேயே அங்கே ஒரு சென்சர் இருக்குமே என்பீர்கள். அது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று காவல் பார்ப்பது.) இஞ்சினுக்கு மிக அருகில் வைத்தால் சூடு தாங்காது. பரவலாகப் பயன்படும் போஷ் எல்எஸ்யு 4.9 வகை, தொடர்ந்து தாங்கும் புகை வெப்பம் சுமார் 930 பாகை செல்சியஸ். சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி என்பது கைக்கணக்கு. டர்போ இருந்தால் டர்போவுக்குப் பிறகு.

இடம் மட்டும் போதாது, சாய்வும் வேண்டும். குழாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், சென்சர் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிற்க வேண்டும். காலையில் குளிர்ந்த குழாயில் தண்ணீர் தேங்கும். சென்சரின் உள்ளே இருப்பது பீங்கான். அதைச் சூடேற்ற ஒரு ஹீட்டரும் உண்டு. கொதிக்கும் பீங்கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல்தான். கீழ்ப்பக்கம் மாட்டினால் தண்ணீர் தேடி வந்து சேரும்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் அடிக்கடி செய்வது: மீட்டர் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு, சென்சரைக் குழாயிலேயே விட்டுவிடுவார்கள். ஹீட்டர் ஓடாத சென்சரில் கரி படிந்து கொஞ்ச நாளில் செத்துப்போகும். மீட்டரைக் கழற்றினால் சென்சரையும் கழற்றி, துளையை மரையாணியால் அடைத்துவிடுங்கள். குழாயை வெல்டிங் செய்யும்போதும் சென்சர் அதில் இருக்கக் கூடாது. சிலிகான் பசையைக் கேஸ்கெட்டில் அள்ளிப் பூசாதீர்கள். அதன் ஆவி சென்சருக்கு விஷம்.

தம்பியின் காரில் முன்குழாயைக் கழற்றி, நான்கு கிளையும் சேரும் இடத்துக்குக் கீழே, கன்வெர்ட்டருக்கு முன்னால், மரை வளையம் ஒன்றை வெல்டிங் செய்தார் பட்டறை அண்ணன். கேஸ்கெட் புதிது, பிளக் நான்கும் புதிது, எண்ணெயும் மாற்றியாயிற்று. சென்சர் மட்டும் பழையதுதான், நல்ல வேளையாகச் சாகவில்லை. ஈசியுவைப் பழைய கணக்குக்குத் திருப்பி ஸ்டார்ட் செய்ததும் முள் கொஞ்சம் ஆடிவிட்டு, 14.5 பக்கம் வந்து நின்றது. தம்பி முகத்தில் சிரிப்பு. பிறகு வாலில் இருந்த ஓட்டையைக் காட்டி, “இத என்ன பண்றது அண்ணே?” என்றார். பழைய போல்ட் ஒன்று கிடந்தது. அதை முடுக்கி அனுப்பினோம்.