9எச் புருடாவும் ஒரு வாளி தண்ணியும்

புதுக் கார் டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூமில் நடக்கும் கூத்து பலருக்கும் தெரிந்ததுதான். சாவி கைக்கு வருவதற்குள் ஒரு தம்பி வழவழ அட்டையோடு வந்து உட்காருவார். "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாம். 9எச் சார்! கீறலே விழாது." 10 லட்சம் கொடுத்தவருக்கு இன்னொரு 20, 30 ஆயிரம் பெரிதாகத் தெரியாது, தலையாட்டி விடுவார். ஆறு மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை.

முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் டெஃப்லான் கோட்டிங் விற்றார்கள். தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டுவதற்கு 300 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். காரை அப்படிச் சுட்டால் பெயின்ட் மிஞ்சுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது 9எச் என்றால் என்ன என்றும் யாரும் கேட்பதில்லை.

அது ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. பள்ளிக்கூடப் பென்சில் கணக்குதான். ஹெச்பி, 2எச் என்று கடையில் விற்கிறார்களே, அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் கடினமான பென்சில் 9எச். அதை 45 டிகிரி சாய்த்துப் பூச்சின் மேல் தள்ளினால் கீறல் விழவில்லை என்பதுதான் சோதனை. பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். தெருப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல். 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, மாணிக்கத்துக்கு 9. அந்த 9 வேறு, இந்த 9எச் வேறு. இரண்டையும் குழப்பி, மாணிக்கக் கவசம் போட்ட மாதிரி பில்டப் கொடுப்பதுதான் வியாபாரம். பென்சிலால் காரைக் கீறுகிறவன் எவன்? மணல்தானே கீறுகிறது!

சரி, அந்தச் சிலந்தி வலை எங்கிருந்து வருகிறது? காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடிப் படலம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. அதில் எல்லாத் திசையிலும் விழுந்த நுண்ணிய கீறல்களே இவை. வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்புகிற கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. "வட்டமாகத் துடைக்காதே, நேராகத் துடை" என்ற அறிவுரையால் பெரிய பயன் இல்லை. துணியில் மணல் இருந்தால் எப்படித் துடைத்தாலும் கீறும்.

மணல் துணிக்கு எப்படி வருகிறது என்று பார்க்க, சென்னையின் எந்த அபார்ட்மென்டுக்கும் காலை ஆறு மணிக்குப் போனால் போதும். ஒரு வாளி, ஒரு பனியன் துணி, பத்து கார். முதல் காரின் புழுதி பத்தாவது காருக்கு உப்புத்தாளாகப் போய்ச் சேருகிறது. போர் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு வளையம் இலவசம். இந்த இரண்டையும் எந்தக் கோட்டிங்கும் தடுக்காது. அது ஒன்றிரண்டு மைக்ரான்தான். கீறலை நிரப்பவும் நிரப்பாது. கீறலோடு இருக்கும் காரில் போட்டால் கீறலுக்கு மேல் பளபளப்பு, அவ்வளவே. யார்டிலேயே அழுக்குத் துணியால் துடைக்கப்பட்டு வருகிற "புது" காருக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் கோட்டிங்கே ஏமாற்றா? இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் கழுவப்படும், பளபளப்பு நிற்கும். இவை உண்மை. ஆனால் முக்கால்வாசி வேலை பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் இருக்கிறது. அதைப் பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம்.

நிழலில், தகடு ஆறிய பிறகு ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். கையால் தடவினால் சொரசொரப்பு இருந்தால் வழுக்கும் திரவம் தெளித்துக் களிமண் பார் ஓட்ட வேண்டும். பிறகு இரண்டடிச் சதுரத்தில் மட்டும் சோதனை. மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். அது போதவில்லை என்றால் மட்டுமே காம்பவுண்ட். எடுத்த எடுப்பில் ரோட்டரி மெஷினும் காம்பவுண்டுமாக இறங்கச் சொல்லும் யூடியூப் வீரர்களை நம்பினால் விளிம்புகளில் பெயின்ட் எரிந்துவிடும். பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பது. சீவியது திரும்பி வராது. நகம் மாட்டுகிற ஆழக் கீறலை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்து, பாலிஷ் எண்ணெய் போக ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில், சிறு சிறு பகுதியாகக் கோட்டிங். வானவில் போல் நிறம் காட்டியதும், பாட்டிலில் சொன்ன நேரத்துக்குள் மைக்ரோஃபைபரால் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் திட்டாகக் காயும், மறுபடி பாலிஷ்தான். ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலை அதே வாளியும் அதே பனியன் துணியும் வந்தால் எல்லாம் வீண். கீறல் விழுந்ததும் திட்டு வாங்குபவர் துடைக்கிற அண்ணன். காருக்கு மாதம் சில நூறு ரூபாய் வாங்குகிறவர், பத்து காருக்குப் பத்து துணி எங்கே போய் வாங்குவார்? கோட்டிங்குக்கு முப்பதாயிரம் எடுத்து வைத்த அதே ஆள், அவருக்கு நாலு மைக்ரோஃபைபர் துணியும் இரண்டாவது வாளியும் வாங்கித் தர யோசிக்கிறார். முதல் வாளியில் ஷாம்பு, இரண்டாவதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர், புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் தொடவே கூடாது. செலவு ஆயிரத்துக்குள். எந்த ஷோரூம் அட்டையிலும் இந்தப் பேக்கேஜ் இருக்காது, ஏனென்றால் இதில் கமிஷன் இல்லை.