அவர் வேலையை விட்டது எப்படி?

திருச்செந்தூர் என்றதும் முருகன் நினைவுக்கு வருவார், கடல் வரும், உடன்குடிக் கருப்பட்டியும் வரும். கம்ப்யூட்டர் வருமா? அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் மூலைப்பொழி கிராமத்தில்தான் 1945-ல் ஷிவ் நாடார் பிறந்தார். எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர். நம் வாசகிகளுக்கு இன்னொரு அறிமுகமும் உண்டு: நாவலாசிரியை ரமணிசந்திரனின் தம்பி.

"நல்ல வேலையை விட்டுட்டு சொந்தமா தொழில் பண்ணப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் இன்றைக்கும் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. "ஷிவ் நாடார் விடலையா?" என்று பிள்ளை கேட்கும். விட்டார்தான். ஆனால் எப்படி விட்டார் என்பதைப் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்திலும் மதுரையிலும் பள்ளிப் படிப்பு. கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல். 1967-ல் புனேயில் கூப்பர் இன்ஜினீயரிங் கம்பெனியில் வேலை. பிறகு டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவு. 1975-ல் நண்பர்களோடு அந்த வேலையை விட்டு வெளியே வந்தார்.

கனவு, கம்ப்யூட்டர் தயாரிப்பது. அதற்கான பணம் கையில் இல்லை. அதனால் அவர்கள் முதலில் செய்தது, தங்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. மைக்ரோகாம்ப் என்ற கம்பெனி தொடங்கி கால்குலேட்டர் விற்றார்கள். அப்படித் தொடங்கிய முதலீடு 1,87,000 ரூபாய். 1976-ல் உத்தரப்பிரதேச அரசையும் 26 சதவிகிதப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு, ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. அதுதான் எச்.சி.எல்.

அடுத்து வந்தது அதிர்ஷ்டம். வெளிநாட்டு கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்று அரசு கண்டிப்பாகச் சொல்ல, ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளாமல் நாட்டைவிட்டே கிளம்பியது. அந்த இடம் காலியானபோது எச்.சி.எல். தயாராக நின்றது. 1978-ல் அதன் சொந்த மைக்ரோ கம்ப்யூட்டர் வெளியானது. ஐ.பி.எம். போகும் என்று ஜோசியம் பார்த்து யாரும் வேலையை விடவில்லை. கால்குலேட்டர் விற்ற காசில் கடை திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இதை ஏழைப் பையன் கதையாகவும் சொல்ல வேண்டாம். 'தினத்தந்தி' நிறுவனர் சி.பா.ஆதித்தனார் அவருக்குத் தாய்வழி உறவினர். படித்த, பெயர் தெரிந்த குடும்பம். விழுந்தால் தாங்க ஆள் இருப்பதும் ஒரு முதலீடுதான்.

சம்பாதித்ததில் ஒரு பங்கு கல்விக்குத் திரும்பியது. சென்னை அருகே 1996-ல் தொடங்கிய எஸ்.எஸ்.என். கல்லூரி, அவருடைய அப்பா சிவசுப்பிரமணிய நாடாரின் பெயர் தாங்கியது. 2020 ஜூலையில் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் தலைவர் நாற்காலியை மகள் ரோஷ்னியிடம் கொடுத்தார். பங்குச்சந்தையில் உள்ள இந்திய ஐ.டி. நிறுவனத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை அந்தப் பேச்சை எடுத்தால் உடனே "கூடாது" என்று சொல்ல வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்கே விற்கிற மாதிரி உனக்குத் தெரிந்த பொருள் என்ன? கூட வருகிறவர்கள் யார்? எத்தனை மாத வீட்டுச் செலவு கையில் இருக்கிறது?

பதில் இருந்தால் அனுப்பி வையுங்கள். இல்லை என்றால், பதில் கிடைக்கும்வரை வேலைக்குப் போகட்டும். ஷிவ் நாடாரும் எட்டு வருஷம் போனவர்தான்.