கடைசி அரை அங்குலம்

மொழிபெயர்ப்புப் பிழை பெரும்பாலும் காகிதத்தோடு போய்விடும். என்னுடையது ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கையில் போய் உட்கார்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் தையல் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். திருப்பதி மாவட்டம் நாகலாபுரம் பக்கத்துப் பெண்களுக்காக. அருகிலுள்ள சத்தியவேடு வட்டாரக் கிராமங்கள் பல 1960 எல்லை மாற்றத்தில் ஆந்திராவுக்குப் போனவை. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இன்னமும் அங்கே ஏராளம். தெலுங்குப் பதிப்பை வேறொருவர் செய்தார்.

உடல் வளைவுக்கேற்ப ரவிக்கைத் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பதைத் தையல்காரர்கள் 'டாட்' என்பார்கள். ஆங்கில 'டார்ட்'தான். அகராதியில் எறியம்பு என்றிருந்தது. தமிழ் எம்.ஏ. அல்லவா, 'கூர்மடிப்பு' என்றொரு சொல்லைச் செய்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில், 'முடிவில் ரிவர்ஸ் போடாமல்' என்றிருக்க வேண்டியது 'ரிவர்ஸ் போட்டு' என்றாகிவிட்டது.

விளைவை நாகலாபுரத்தில் பார்த்தேன். தைத்த பெண்ணுக்குக் கூலி போயிற்று. துணிக்கும் பணம் கொடுக்கும்படி ஆயிற்று. அவர் திட்டவில்லை. "புக்குல போட்டபடிதான் சார் தச்சேன்" என்று ரவிக்கையை நீட்டினார். டாட் நுனிகளில் துணி பரு மாதிரி புடைத்திருந்தது.

தெலுங்குப் புத்தகம் படித்த அவருடைய நாத்தனார் பழைய துணியில் தைத்துக் காட்டினார். சாக்பீஸால் இரண்டு கோடுகள், அவை சேருமிடத்தில் ஒரு புள்ளி. துணியின் நல்ல பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அகன்ற ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். நுனி நெருங்கும்போது தையலைப் பொடியாக்கினார். கடைசி அரை அங்குலத்தில் ஊசி மடிப்பின் விளிம்பை ஒட்டியே ஓடியது. இறுதி இரண்டு மூன்று தையல்கள் ஓரிரு இழைகளை மட்டுமே பிடித்தன. அங்கே ரிவர்ஸ் போட்டால் நூல் குவிந்து தடித்துவிடுமாம். நூலை நாலு அங்குலம் விட்டு வெட்டிக் கையால் முடிச்சிட்டார். பிறகு சுருட்டிய துண்டின் மேல் வைத்து இஸ்திரி. மேஜையில் வைத்துத் தேய்த்தால் வளைவு தட்டையாகிவிடும். மார்பு முனைக்கு ஓர் அங்குலம் முன்பே டாட் முடிய வேண்டும் என்பதை மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பருத்தியென்றால் பிரித்துத் தைக்கலாம். பட்டில் ஊசித்துளை மறையாது. துணிக்கான பணத்தைக் கொடுத்தேன். முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

கையேடுகளில் திருத்தச் சீட்டு ஒட்ட மறுபடியும் போனேன். பசை தடவிக்கொண்டே அந்தப் பெண் கேட்டார்: "கூர்மடிப்புன்னா இன்னா சார்?"

அந்தச் சொல்லையும் அடித்துவிட்டு 'டாட்' என்று எழுதினேன்.